வகுத்த கோடும் வகுத்தவன் கடனும்

அறிவு என்பது பெரும்பாலும் எல்லை வகுத்தலே ஆகும். ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகின்றது என்று கூறவல்லவனே அப்பொருள்களை அறிந்தவனாகக் கருதப்படுகின்றான். நிலத்தை அளப்பவனும், நோயை நிதானிக்கும் வைத்தியனும், இலக்கணம் செய்பவனும் இத்தொழிலையே செய்கின்றனர். ஆயின், அவ்வெல்லை பொருளிலே முன்னரே கிடந்து கண்டெடுக்கப்பட்டதா, அன்றி அறிபவனால் வகுக்கப்பட்டுப் பொருளின்மேல் ஏற்றப்பட்டதா என்னும் வினா எளிதில் விடைபெறுவதன்று. கண்டெடுக்கப்பட்டதாயின், உள்ளதைச் சொன்னான் என்பதோடு கண்டவனின் கடமை முடிந்துவிடும். வகுக்கப்பட்டதாயின், வகுத்தவன் அதற்கு விடையிறுக்கக் கடமைப்பட்டவனாகின்றான். எனவே அறிவு பற்றிய இவ்வினா அறம் பற்றிய வினாவுமாகும்.

இதனைத் தெளிவாகக் காட்டவல்ல துறையொன்று அண்மைக்கால விஞ்ஞானத்தில் உண்டு. காந்த அதிர்வுப் படங்களிலிருந்து மனித மூளையை இரு அரைக்கோளங்களாகப் பிரித்து, அவற்றின் மேற்பட்டையைக் கணனியில் மீளக் கட்டியெழுப்புதலே அத்துறையாகும். அது கணனியாளர்க்கும் வைத்தியர்க்கும் மாத்திரம் உரிய நுட்பம் போலத் தோன்றினும், அதன் அடியில் கிடக்கும் வினா கலைப்பீடத்து மாணவர்க்கும் உரியதே.

அவ்வினாவை விளங்கிக்கொள்ள மட்டக்களப்பு வாவிக்கரையை முதலில் எண்ணிப் பார்ப்பது பயன் தரும். வடக்குத் தெற்காக 50 கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கும் அவ்வாவி, அப்பிரதேசத்தை எழுவான்கரை என்றும் படுவான்கரை என்றும் இரண்டாக்குகின்றது. நாவற்குடா எழுவான்கரையில், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊராகும். நீர் நிலத்தினுள் வளைந்து புகுந்த இடத்தைக் குறிக்கும் குடா என்னும் சொல், நாவற்குடா, தாழங்குடா முதலிய ஊர்ப்பெயர்களில் இன்றும் நிலைத்துள்ளது. மாரியில் வாவிநீர் ஏறும். முகத்துவாரத்து மணற்றடை உடைந்து நீர் கடலோடு சேர்ந்தபின் இறங்கும். கோடையில் கால் நனையாது நடக்கும் இடம் மாரியில் தோணி செல்லும் இடமாகும். நில அளவையாளன் வரைந்த படத்திலோ கரை ஒரே கோடாக நிற்கின்றது. அக்கோடு பொய்யன்று. ஆயினும் அது ஒரு நாளில், ஓர் அளவுகோலால், ஒரு தேவைக்காக வகுக்கப்பட்டது. அளவுகோல் பெரிதாயின் சிறு குடாக்கள் அதன்கண் படாமற் போகும். வளைந்த கரை படத்தில் நேராகிவிடும்.

மூளையின் மேற்பட்டையும் இத்தகைய ஒரு கரையே. அது சராசரியாக 2.5 மில்லிமீற்றர் தடிப்புள்ள தாளொன்றைப் போன்றது. சில இடங்களில் அத்தடிப்பு 1 மில்லிமீற்றராகவும் வேறு சில இடங்களில் 4.5 மில்லிமீற்றராகவும் இருக்கும். மண்டையோட்டினுள் அடங்கும் பொருட்டு அத்தாள் மடிந்து கிடப்பதால், அதன் பரப்பில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கு மடிப்புக்களினுள் மறைந்துள்ளது. தட்டையான வெட்டுமுகமொன்றில் அருகருகே தோன்றும் இரு புள்ளிகள், மேற்பட்டை வழியே அளந்தால் வெகு தொலைவில் இருத்தல் கூடும். குடாவொன்றின் எதிரெதிர்க் கரைகளில் நிற்கும் இருவர், கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருந்தும், கரைவழியே நடந்து சேர நெடுநேரம் ஆவதைப் போன்றது இது. மேற்பட்டையைத் துண்டுகளாகவன்றித் தொடர்ந்த ஒரு பரப்பாகவே காணவேண்டும் என்னும் எண்ணம் இத்தேவையிலிருந்தே பிறந்தது.

1999ஆம் ஆண்டில் அண்டர்ஸ் டேல், புரூஸ் ஃபிஷ்ல், மார்ட்டின் செரெனோ என்னும் மூவர் இதற்குரிய முறையை விரித்து இரு கட்டுரைகளை வெளியிட்டனர். அம்முறையில் இயங்கும் ஃபிரீசேர்ஃபர் என்னும் கணனி நிரல் இன்று உலகின் பல ஆய்வுகூடங்களில் வழங்குகின்றது. அதன் போக்கு வருமாறு. வலிய காந்தப் புலத்தினுள் உடலிலுள்ள ஐதரசன் கருக்கள் வானொலி அலையால் கிளறப்பட்டு மீண்டும் தணியும்போது வெளிவிடும் சைகைகள் படமாகின்றன. கொழுப்பு மிக்க மயலின் உறை போர்த்த நரம்பிழைகள் செறிந்த வெண்பொருள் அப்படத்தில் வெளிறியும், நரம்புக் கலங்கள் செறிந்த நரைப்பொருள் சற்று மங்கியும், மூளையைச் சூழ்ந்த பாய்பொருள் இருண்டும் தோன்றும். படம் முழுவதும் ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் பக்கமுள்ள சிறு கனக்கூறுகளால் ஆனது. ஒவ்வொரு கூறுக்கும் ஒளிர்வைக் குறிக்கும் ஓர் எண் மாத்திரமே உண்டு. நிரல் முதலில் ஒளிர்வைச் சீராக்கி, மண்டையோட்டை நீக்கி, வெண்பொருளை இனங்காண்கின்றது. பின்னர் இரண்டு வெட்டுக்களைச் செய்கின்றது. ஒன்று இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் கோர்ப்பஸ் கலோசம் என்னும் நார்க்கற்றையின் நடுவே செல்வது; மற்றது மூளைத்தண்டைக் குறுக்கே அறுப்பது. இவ்வாறு பிரிந்த ஒவ்வொரு பாதியையும் எண்ணற்ற சிறு முக்கோணங்களாலான வலையொன்றால் போர்த்தி, அவ்வலையை வெளிநோக்கித் தள்ளி நரைப்பொருளின் புறவிளிம்பில் நிறுத்துகின்றது. அகவலைக்கும் புறவலைக்கும் இடைப்பட்ட தூரமே மேற்பட்டையின் தடிப்பாகக் கொள்ளப்படுகின்றது.

இங்கே ஓர் இடர்ப்பாடு எழுகின்றது. ஒடுங்கிய மடிப்பொன்றின் இரு கரைகளும் ஒரே கனக்கூறினுள் அகப்பட்டால், அக்கூறின் எண் இரண்டினதும் கலவையாகும்; இடையிலுள்ள பிளவு மறைந்து கரைகள் ஒட்டிக்கொள்ளும். இல்லாத பாலமொன்று படத்தில் தோன்றிவிடும். இதனைக் களைய ஒயிலரின் கணிதம் உதவுகின்றது. துளையும் கைப்பிடியும் அற்ற மூடிய பரப்பொன்றில் உச்சிகளின் தொகையிலிருந்து விளிம்புகளின் தொகையைக் கழித்து முகங்களின் தொகையைக் கூட்டினால் 2 கிடைக்கவேண்டும். கிடைக்காவிடின் வலையில் எங்கோ பிழையுண்டு எனக் கொண்டு நிரல் அதனைத் திருத்துகின்றது. பிழை உண்டென அதற்கு உணர்த்தியது படமன்று. மேற்பட்டை இவ்வாறுதான் இருக்கவேண்டும் என்னும் முன்கோளே. அம்முன்கோள் பெரும்பாலும் சரியானது. ஆயினும் அது கண்ணாற் கண்டதன்று.

தமிழ்ச் சிந்தனை மரபு இவ்வேறுபாட்டை நன்கறிந்திருந்தது. 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார், பொருளியல்பைப் பேசுமுன் அளவைகளைப் பேசுகின்றது. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றுமே சித்தாந்திகள் தலைமையாகக் கொண்ட அளவைகள். புலனுக்கு நேர்படுவது காட்சி. புகையைக் கண்டு நெருப்பை உணர்வது கருதல். நம்பத்தக்கவன் சொல்லால் அறிவது உரை. காட்சியிலும் ஐயமும் திரிபும் புகுதல் உண்டென்பதை அம்மரபு மறவாது எடுத்துரைத்தது.

கணனியில் கட்டியெழுப்பப்பட்ட மேற்பட்டை இம்மூன்றனுள் எது? வண்ணம் தீட்டப்பட்டுத் திரையில் சுழலும் அவ்வுருவைக் காண்பவனுக்கு அது காட்சியாகவே தோன்றும். உண்மையில் அது கருதல்; சைகையிலிருந்து எண், எண்ணிலிருந்து பொருள், பொருளிலிருந்து பரப்பு எனப் பல படிகளாக ஏறிய கருதல். அது நோயாளியைச் சென்றடையும்போதோ உரையாகிவிடுகின்றது. மேற்பட்டை இவ்விடத்தில் மெலிந்துள்ளது என்று வைத்தியர் கூறினால், அதனை ஆராய்ந்து பார்க்கும் கருவி நோயாளியிடம் இல்லை. அவன் நம்புகின்றான். கருதலாகப் பிறந்தது காட்சியாக வேடம் பூண்டு உரையாகச் சென்று சேரும் இப்பயணத்திலேயே அறத்தின் சிக்கல் உள்ளது. உரையின் வலிமை உரைப்பவனின் வாய்மையைப் பொறுத்தது. தான் கருதியதைக் கண்டதாகச் சொல்பவன், எண்ணில் தவறாவிடினும் வாய்மையில் தவறியவனாகின்றான்.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. 2012ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்றில், ஒரே மனிதரின் ஒரே படங்கள் மேற்கூறிய நிரலின் வெவ்வேறு பதிப்புக்களிலும் வெவ்வேறு கணனிகளிலும் இடப்பட்டன. மனிதரும் மாறவில்லை, படமும் மாறவில்லை. ஆயினும் மேற்பட்டையின் தடிப்பும் மூளைப்பகுதிகளின் கனவளவும் மாறி வந்தன. கணனியின் இயக்குமுறைமை புதிய பதிப்பாக மாறியதும் விடையை மாற்றியது. நோயினால் உண்டாகும் தேய்வு மில்லிமீற்றரின் சிறு பின்னங்களில் பேசப்படும் துறையில், கருவியை மாற்றியதால் வந்த வேறுபாடு மனிதனின் நோயாக வாசிக்கப்படும் இடர் உண்டென்பது சொல்லாமலே விளங்கும்.

இரு பாதிகளாகப் பிரிக்கும் வெட்டு இன்னும் ஆழமாக நோக்கற்பாலது. கோர்ப்பஸ் கலோசத்தில் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகள் உள்ளன. அதனை ஊடறுத்துச் செல்லும் கோடு உடலில் உள்ள எல்லையன்று. கணிப்பின் வசதிக்காக இடப்பட்டது. வெட்டியபின் அவ்விடத்தில் மேற்பட்டை இல்லாமையால், வலை அங்கே செயற்கையாக மூடப்படுகின்றது. முடிவில் திரையில் தோன்றுவன தனித்தனியே நிற்கும் இரு உருவங்கள். அவற்றைப் பிணைத்த பாலம் கண்ணுக்குத் தெரிவதில்லை. உண்மையாகவே அப்பாலம் அறுக்கப்பட்ட மனிதரும் இருந்தனர். வலிப்புநோயைத் தணிக்கும் பொருட்டு அந்நார்க்கற்றை வெட்டப்பட்டோரை ரொஜர் ஸ்பெரியும் அவருடைய மாணவரும் ஆராய்ந்தனர். இடப்புறக் காட்சிப் புலத்தில் மாத்திரம் காட்டப்பட்ட பொருளின் பெயரை அந்நோயாளிகளால் சொல்ல இயலவில்லை. ஆயின் அவர்களது இடக்கை அப்பொருளைத் தெரிந்தெடுத்தது. இவ்வாய்வுகளுக்காக ஸ்பெரி 1981ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார். அந்நோயாளிகளும் அன்றாட வாழ்வில் பெரும்பாலும் ஒருவராகவே வாழ்ந்தனர். அவ்வாறிருக்க, பாலம் அறாத கோடிக்கணக்கான மக்களை இடமூளையினர், வலமூளையினர் என இரு சாதியாக்கும் பாமரக் கொள்கை எங்கும் பரவிக் கிடக்கின்றது. வசதிக்காக இட்ட கோடு, இட்ட காரணம் மறக்கப்பட்டதும் மனிதரின் இயல்பாகிவிடுகின்றது.

கோடுகளின் இவ்வாற்றலை வாவிக்கரை மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. வயல் படுவான்கரையிலும் வீடு எழுவான்கரையிலுமாக, 'பாதை' எனப்படும் மிதவையில் நீரைக் கடந்து வாழ்ந்தோர்க்கு வாவி ஒரு வழியாகவே இருந்தது. உள்நாட்டுப் போர்க்காலத்தில், 2007ஆம் ஆண்டு வரை, அதே நீர்ப்பரப்பு பெரும்பாலும் இரு தரப்பினரின் கட்டுப்பாட்டுப் பகுதிகளைப் பிரிக்கும் எல்லையாயிற்று. எந்தக் கரையிலிருந்து வருகின்றான் என்பதே ஒருவன் யார் என்பதற்கு விடையாகக் கொள்ளப்பட்ட நாள்கள் அவை. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டபோது கடப்பது எளிதாயிற்று. எனினும் எல்லை மனத்தில் இட்ட வடு பாலம் கட்டும் வேகத்தில் ஆறுவதில்லை.

அடுத்து எழும் வினா, எவருடைய மூளை அளவுகோலாயிற்று என்பதாகும். ஒரு மூளையை மற்றொன்றுடன் ஒப்பிடப் பொதுவான படமொன்று வேண்டும். 1988ஆம் ஆண்டில் தலைராக், தூர்னு என்னும் பிரான்ஸ் நாட்டு அறிஞர் இருவர் வெளியிட்ட மூளைப்படம் நெடுங்காலம் அவ்விடத்தை வகித்தது. அது இறந்துபோன 60 வயதுப் பெண்ணொருவரின் மூளையைத் தழுவியது. அதிலும் ஒரு பாதியே நுணுகி வரையப்பட்டு, மறுபாதி அதனை ஒத்ததாகக் கொள்ளப்பட்டது. மனித மூளையின் இரு பாதிகளும் ஒன்றையொன்று முற்றும் ஒத்தவையல்ல என்பது நெடுநாள் அறியப்பட்ட செய்தி. பின்னர் கனடாவின் மொன்றியல் நரம்பியல் நிறுவகம் 305 பேரின் படங்களைச் சராசரியாக்கியது. அவர்களில் 239 பேர் ஆண்கள், 66 பேர் பெண்கள். சராசரி வயது 23. உலகின் பிற பாகங்களில் உள்ள முதியோரும் சிறுவரும் இத்தகைய சராசரிகளோடு பொருத்தியே அளக்கப்பட்டனர்.

இக்குறையை உணர்ந்து இந்தியாவில் முயற்சிகள் எழுந்தன. 2019ஆம் ஆண்டில் ஹைதராபாத் சர்வதேசத் தகவல் தொழினுட்ப நிறுவகத்து ஆய்வாளர்கள், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் துணையுடன், 100 இந்தியரின் படங்களிலிருந்து மூளைப்படமொன்றை ஆக்கினர். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை இந்தியத் தொழினுட்பக் கழகத்தின் மூளை ஆய்வு மையம், கருவிலுள்ள சிசுவின் மூளையை 5132 வெட்டுமுகங்களிற் காட்டும் 'தரணி' என்னும் தொகுதியை வெளியிட்டது. பின்னையது காந்தப் படத்திலிருந்து கருதப்பட்டதன்று. மெய்யாக வெட்டிய மெல்லிய தகடுகளை உருப்பெருக்கிப் படமாக்கியது. ஆதலின் கருதலைக் காட்சியோடு ஒத்துப் பார்க்க அது உதவும்.

ஹைதராபாத் ஆய்வு, இந்திய மூளையின் உயரமும் அகலமும் கனவளவும் ஏனைய படங்களிற் காணப்படுவனவற்றிலும் சராசரியாகச் சற்றுக் குறைவு எனக் கண்டது. இச்செய்தியைக் கேட்டவுடன் சிலர் வருந்தவும் சிலர் எள்ளவும் கூடும். இரண்டும் பழைய நோயின் அறிகுறிகளே. 1880களில் சுவிற்சர்லாந்திலிருந்து இலங்கைக்கு வந்த போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்போர் வேடரின் மண்டையோடுகளைத் திரட்டி அளந்து, அவ்வளவுகளைக் கொண்டே அம்மக்களை மனித வளர்ச்சியின் கீழ்ப்படியில் நிறுத்தினர். அவர்கள் எடுத்த அளவுகளில் தவறு இல்லாதிருந்திருக்கலாம். அளவிலிருந்து தகுதியைக் கருதிய படியே தவறானது. இந்திய மூளைப்படத்தின் பயன் இனத்தின் பெருமையோ சிறுமையோ அன்று; பொருந்தாத அளவுகோலால் நலமுடையவன் நோயாளியாகக் கணிக்கப்படாமல் காப்பதே அதன் பயன்.

எந்தச் சராசரியாயினும் அதற்குப் புறம்பே சிலர் நிற்பர். கோர்ப்பஸ் கலோசம் இன்றியே பிறந்து வாழ்வோர் உளர். அந்நார்க்கற்றை வழமையாக இருக்கும் இடத்தில் அதனைத் தேடும் நிரல் அவர்களிடத்துத் தடுமாறுகின்றது. படம் எடுக்கும்போது அசையாதிருக்க இயலாத குழந்தையும், நடுக்கமுற்ற முதியவரும் மற்றொரு வகையினர். தலை அசைந்தால் மேற்பட்டை உள்ளதைவிட மெலிந்ததாகத் தோன்றும் என 2015ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு காட்டியது. அவர்களது படங்களை ஏற்றுக்கொண்டால் அசைவு நோயாக வாசிக்கப்படும். தரமற்றவை என நீக்கிவிட்டால், அடுத்த சராசரி அவர்களை அறியாமலே ஆக்கப்படும். எவருக்கு வைத்தியத்தின் துணை மிகுதியாக வேண்டுமோ அவரே அளவுகோலிலிருந்து முதலில் விலக்கப்படுகின்றனர்.

இவற்றையெல்லாம் கூறுமிடத்து, எல்லாக் கோடும் வகுக்கப்பட்டதாயின் எதையும் நம்பவியலாதன்றோ என்று ஒருவர் வினவலாம். அங்ஙனமன்று. நீர் ஏறியிறங்குகின்றது என்பதனால் வாவியும் இல்லை நிலமும் இல்லை என்று எவரும் சொல்வதில்லை. நடுவாவியை நிலமென்று வரைந்த படம் பிழையென்பதில் ஐயமில்லை. கருதலுக்கும் சரியும் பிழையும் உண்டு. புகையோடு ஒத்துப் பார்க்கலாம். திரையிற் கட்டிய பரப்பை மூலப் படத்தின்மேல் வைத்து, தகடு தகடாக மனிதக் கண்ணால் பார்த்துத் திருத்தும் வழக்கம் இத்துறையில் உண்டு. மேலும், கோடே வகுக்கமாட்டேன் என்பதும் அறமாகாது. வலிப்பு பிறக்கும் இடத்தை அகற்றவேண்டிய சத்திரசிகிச்சை வைத்தியர், பேச்சுக்குரிய பகுதி எங்கே முடிகின்றது என்று துணியாமல் கத்தியை எடுக்கவியலாது. வகுப்பது குற்றமன்று, வகுத்ததை மறைப்பதே குற்றம்.

இவ்விடத்தில் மட்டக்களப்பு மண்ணே ஒரு முன்மாதிரியைத் தருகின்றது. நாவற்குடாவுக்கு அணித்தான கல்லடி உப்போடையிலே அடக்கம் செய்யப்பட்டுள்ள விபுலாநந்த அடிகளார், 1947ஆம் ஆண்டில் யாழ் நூலை வெளியிட்டார். யாழ் என்னும் கருவி வழக்கொழிந்து பல நூற்றாண்டுகள் கழிந்திருந்தன. அதனைக் கண்டவர் எவரும் இலர். இலக்கியச் சான்றுகளையும் இசைக் கணக்குகளையும் கொண்டு அடிகளார் அதனைக் கருத்தினால் மீளக் கட்டியெழுப்பினார். அவர் செய்ததும் மீட்டுருவாக்கமே, அதுவும் கருதலே. ஆயின் எந்தச் சான்றிலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்பதையும், சுருதிகளை எவ்வாறு கணித்தார் என்பதையும் நூலினுள்ளே விரித்து வைத்தார். அதனால் பின்வந்தோர் அவரோடு உடன்படவும் முரண்படவும் இயன்றது. முரண்படுவதற்கு வழி திறந்து வைத்தவன் உரையே நம்பத்தக்க உரையாகும்.

ஆகவே கோடு வகுப்பவனுக்குரிய கடன் மூன்று எனலாம். எந்த அளவுகோலால், எவரைச் சராசரியாகக் கொண்டு வகுத்தான் என்பதை வெளிப்படச் சொல்லுதல் முதலாவது. ஐயமுள்ள இடத்தை ஐயமுள்ளதாகவே காட்டித் திருத்தத்திற்கு இடம்விடுதல் இரண்டாவது. கோட்டோடு ஒருவன் பொருந்தாதவிடத்து, அவனைப் பிழையென்று தள்ளுமுன் கோட்டை மீண்டும் பார்த்தல் மூன்றாவது. இவை மூளையைப் படமாக்குவோர்க்கு மாத்திரம் உரியனவல்ல. மாணவனைப் புள்ளியால் வகுக்கும் ஆசிரியனுக்கும், குடிமக்களைப் பட்டியலால் வகுக்கும் அரசுக்கும், இலக்கியத்தைக் காலத்தால் வகுக்கும் ஆய்வாளனுக்கும் இவை உரியன. இம்மூவரில் எவரும் தாம் வகுத்ததைக் கண்டதாகச் சொல்லிவிட்டு விலகிப் போகவியலாது. அவர்களது கோட்டின் மறுபுறத்தில் ஒரு மனிதன் நிற்கின்றான்.